லிண்ட்சே ஜேக்கபெல்லிஸ்: ஒரு விழுதலும் 16 ஆண்டுகளும்

அமெரிக்க ஸ்னோபோர்டு (பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை) வீராங்கனை லிண்ட்சே ஜேக்கபெல்லிஸ், ஸ்னோபோர்டு கிராஸ் பந்தயத்தில் தனிநபர் உலக சாம்பியன் பட்டத்தை 5 முறை வென்றவர்: 2005, 2007, 2011, 2015, 2017. சாகச விளையாட்டுகளுக்கென ஆண்டுதோறும் நடக்கும் எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் 2003க்கும் 2016க்கும் இடையில் 10 தங்கம் வாங்கியிருக்கிறார். இந்த விளையாட்டில் இப்படி ஒரு பட்டியல் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. ஆனாலும் 2022 பிப்ரவரி வரைக்கும் அவர் பெயரைச் சொன்னால், விளையாட்டுப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வந்தது அவர் தோற்ற ஒரு பந்தயம்தான்.

2006 டூரின் ஒலிம்பிக் இறுதியில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது விழுந்தார். அதற்குப் பிறகு 2010, 2014, 2018 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் கிடைக்கவில்லை. இந்த நான்கையும் ஒரே கயிற்றில் கட்டி, "பெரிய மேடையில் பதறிவிடுகிறவர்" என்று ஊடகங்கள் எழுதின. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. நான்கு பந்தயங்களையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் நான்கும் வெவ்வேறு வகையான தோல்விகள். ஒன்றில் அவர் எடுத்த முடிவு காரணம். இரண்டில் இந்தப் பந்தயத்தின் அமைப்பே காரணம். நான்காவதில் மற்றவர்கள் அன்று அவரைவிட வேகமாக வந்தார்கள், அவ்வளவுதான்.

பந்தயம் எப்படி நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய வாழ்க்கையை எடைபோட முடியாது. ஸ்னோபோர்டு கிராஸில் முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஓடி நேரம் பதிவு செய்கிறார்கள். அந்த நேரத்தை வைத்து வரிசை போடுகிறார்கள். அதன்பிறகு நேரத்துக்கு வேலையில்லை. நான்கு பேர் ஒரே சமயத்தில் ஸ்டார்ட் கேட்டிலிருந்து கிளம்புவார்கள். முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், மற்ற இருவர் வெளியே. 2014, 2018 ஒலிம்பிக்குகளில் மட்டும் ஆறு பேர் சேர்ந்து ஓடினார்கள், மூன்று பேர் முன்னேறினார்கள். 2022இல் மறுபடியும் நான்காகிவிட்டது.

பாதையில் அடுத்தடுத்து சிறு மேடுகள், சரிவாக எழுப்பிய வளைவுகள், குதிக்கவேண்டிய பெரிய மேடுகள் எல்லாம் இருக்கும். மேட்டில் உயரப் பறப்பது இங்கே நஷ்டம். காற்றில் இருக்கும் நேரத்தில் வேகத்தைக் கூட்ட வழியில்லை. காற்றின் தடை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் நல்ல பந்தய வீரர் மேட்டின் உச்சியில் முழங்காலை மடக்கி மேட்டை உள்வாங்கி, முடிந்தவரை தாழ்வாகப் பறந்து, இறங்கும் சரிவில் பலகையைத் தட்டையாக வைத்து, அந்தச் சரிவிலிருந்தே வேகம் எடுத்துக்கொள்வார்.

பின்னால் வருபவருக்கும் ஒரு சாதகம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் அவருக்குப் பின்னால் தடை குறைவு. நேர்ப்பகுதியில் அதை வைத்தே முந்திவிடலாம். முன்னால் இருப்பவருக்கு மோதல் பயம் குறைவு, ஆனால் பின்னால் யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பது சரியாகத் தெரியாது. வேண்டுமென்றே தள்ளுவதற்குத் தடை; ஆனால் நான்கு பேர் ஒரே வளைவுக்குள் நுழையும்போது பலகையும் தோளும் உரசாமல் இருப்பது நடக்காத காரியம். திறமை அதிகம் உள்ளவர் அதிகம் வெல்வார், ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் அவர் வெல்வார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

2006, பர்டோனெக்கியா

ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தது 1998 நகானோவில். ஸ்னோபோர்டு கிராஸ் சேர்ந்தது 2006இல்தான். ஆக, டூரின் ஒலிம்பிக்குக்காக பிப்ரவரி 17 அன்று இத்தாலியின் பர்டோனெக்கியாவில் நடந்தது பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் ஸ்னோபோர்டு கிராஸ் இறுதி. ஜேக்கபெல்லிஸுக்கு அப்போது 20 வயது. கனெக்டிகட்டில் பிறந்து, வெர்மாண்டின் ஸ்ட்ராட்டன் மலைப் பள்ளியில் பயின்று, அதற்கு முந்தைய ஆண்டே உலக சாம்பியன் ஆகியிருந்தவர். தங்கம் அவருக்குத்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

இறுதியில் அவருடன் ஓடியவர்கள் சுவிட்சர்லாந்தின் டான்யா ஃப்ரீடன், கனடாவின் டொமினிக் மால்டே, மயெல் ரிக்கர். ரிக்கர் கடுமையாக விழுந்து பந்தயத்திலிருந்து வெளியேறினார். மால்டேயும் விழுந்தார், எழுந்து தொடர்ந்தார். ஜேக்கபெல்லிஸ் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஃப்ரீடன் சுமார் 3 விநாடி பின்னால். இந்த விளையாட்டில் 3 விநாடி என்பது மிகப் பெரிய இடைவெளி.

கடைசிக்கு முந்தைய மேட்டில் அவர் காற்றில் மெதட் கிராப் செய்தார். முன்கையால் பலகையின் குதிகால் பக்க விளிம்பைப் பிடித்து, பலகையை முதுகுப் பக்கமாக மேலே இழுக்கும் சாகசம் அது. ஸ்னோபோர்டில் மிகவும் பழைய, அழகான பிடிகளில் ஒன்று. இறங்கும்போது பலகை தட்டையாக வரவில்லை. விளிம்பு பனியில் பட்டது, விழுந்தார். அவர் எழுவதற்குள் ஃப்ரீடன் கடந்து போய்விட்டார். ஃப்ரீடனுக்குத் தங்கம், ஜேக்கபெல்லிஸுக்கு வெள்ளி, மால்டேவுக்கு வெண்கலம்.

நடந்ததை இயந்திர ரீதியாகப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது. மெதட் பிடியில் பலகை குதிகால் பக்கமாகச் சாய்கிறது. கையை விட்டபிறகு அதை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு கணம் வேண்டும். அந்தக் கணம் போதாமல் இறங்கினால் குதிகால் விளிம்பு முதலில் பிடிக்கும். பனியில் விளிம்பு பிடித்தால் பலகை பக்கவாட்டில் திரும்பும், உடம்பு முன்னே போய்க்கொண்டிருக்கும். அவ்வளவு வேகத்தில் அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. அவருக்கு அந்தப் பிடி நூற்றுக்கணக்கான முறை கைவந்த ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் பந்தயப் பாதையின் மேடு தாழ்வாகப் பறப்பதற்காகக் கட்டப்பட்டது. சாகசம் காட்டும் மேட்டில் கிடைக்கும் உயரமும் நேரமும் அங்கே கிடைக்காது.

ஏன் செய்தார்? பந்தயம் முடிந்த கையோடு, நிலைதடுமாறாமல் இருக்கத்தான் பலகையைப் பிடித்ததாகச் சொன்னார். பிறகு, மகிழ்ச்சியில் செய்தது, அதைப் பார்வையாளர்களோடு பகிர்ந்துகொள்ள நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டார். விமர்சகர்கள் இதை ஆணவம் என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அவர் வளர்ந்த ஸ்னோபோர்டு உலகத்தில் ஓட்டத்தை எப்படி முடிக்கிறீர்கள் என்பதும் ஓட்டத்தின் ஒரு பகுதி. எக்ஸ் கேம்ஸ் பார்வையாளர்கள் முன்னால் போகிறவரிடம் அப்படி ஒன்றை எதிர்பார்ப்பார்கள். ஒலிம்பிக் அந்த விளையாட்டை வேறு கணக்குக்குக் கொண்டுபோனது: வந்த இடம் மட்டும்தான் எண்ணப்படும், அதுவும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 20 வயதுப் பெண் பழைய கணக்கிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். சரி, அது தவறான முடிவுதான். தங்கத்தை இழந்ததற்கு அந்த முடிவே முழுக் காரணம், அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் அது பதற்றத்தின் விளைவு என்பது பொருந்தவே பொருந்தாது. பதறிய ஒருவர் மெதட் பிடிக்க மாட்டார்.

2010, 2014: வேறு வகைத் தோல்விகள்

2010 வான்கூவர் ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு கிராஸ் சைப்ரஸ் மலையில் நடந்தது. அரையிறுதியில் ஜேக்கபெல்லிஸ் நிலைதடுமாறி வழியிலிருந்து விலகி ஒரு கேட்டை (பாதையைக் குறிக்க நட்ட கம்பத்தை) தவறவிட்டார். கேட்டைத் தவறவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. தங்கம், 2006இல் விழுந்து வெளியேறிய அதே மயெல் ரிக்கருக்குப் போனது. ரிக்கருக்கு அது நியாயமாகச் சேரவேண்டிய தங்கம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில், ரோசா குத்தோர் மலையில், மறுபடியும் அரையிறுதி. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் கீழ்ப்பகுதியில் சமநிலை இழந்து விழுந்தார். செக் நாட்டின் ஈவா சம்கோவா தங்கம் வென்றார், மால்டே வெள்ளி, பிரான்சின் க்ளோயி ட்ரெஸ்பூஷ் வெண்கலம்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்துச் செய்திகளில் இது அநேகமாகப் பேசப்படவில்லை. 2010இல் அவர் பிடித்தது 5ஆம் இடம். 2014இல் 7ஆம் இடம். இந்த எண்களைப் பார்க்கிறவர்களுக்கு அவர் எங்கோ நடுவில் தொலைந்துபோனதாகத் தோன்றும். ஆனால் அரையிறுதியில் தோற்றவர்களுக்குச் சிறு இறுதி என்று ஒரு பந்தயம் உண்டு. நான்கு பேர் ஓடும் முறையில் சிறு இறுதியில் வெல்பவருக்கு 5ஆம் இடம். ஆறு பேர் ஓடும் முறையில் 7ஆம் இடம். அதாவது இரண்டு ஒலிம்பிக்கிலும், தங்கக் கனவு உடைந்த சற்று நேரத்தில் மறுபடி ஸ்டார்ட் கேட்டில் போய் நின்று, அந்தப் பந்தயத்தில் எல்லோரையும் தோற்கடித்திருக்கிறார். பதக்கம் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே ஓடிய பந்தயம் அது. மனம் உடைந்துபோகிறவர் என்று அவரைச் சொன்னவர்கள் இந்த இரண்டு முடிவுகளைப் பார்த்திருக்கவேண்டும்.

சிறு இறுதியில் அழுத்தம் இல்லை, அதனால்தான் வென்றார் என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். அதற்குப் பதில் எக்ஸ் கேம்ஸில் இருக்கிறது. அங்கே அழுத்தம் உண்டு, நேரடி ஒளிபரப்பு உண்டு, ஸ்பான்சர் பணம் உண்டு, நாக்அவுட் முறை உண்டு. அங்கே 10 தங்கம். உலக சாம்பியன்ஷிப்பில் நாட்டின் பெயரும் சேர்ந்துகொள்கிறது. அங்கே 5.

கொஞ்சம் கணக்கு

ஒரு மிகச் சிறந்த வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். காலிறுதி, அரையிறுதி இரண்டையும் தாண்ட அவருக்கு ஒவ்வொன்றிலும் 85 விழுக்காடு வாய்ப்பு, இறுதியில் மற்ற மூவரையும் வெல்ல 50 விழுக்காடு வாய்ப்பு என்று வைப்போம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள். யாரும் அளந்தவை அல்ல. மூன்றையும் பெருக்கினால் தங்கம் வெல்லும் வாய்ப்பு 36 விழுக்காடுதான் வருகிறது. எல்லோரையும்விடச் சிறந்தவராக இருந்தும் மூன்று முறையில் இரண்டு முறை தோற்பார். அப்படிப்பட்டவர் நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் இல்லாமல் திரும்புவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று அளவு. அபூர்வம் என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்த வாதத்தை முழுதாக நம்பிவிடவும் கூடாது. எக்ஸ் கேம்ஸில் 10 தங்கம் வாங்கியவரின் வெற்றி விகிதம் 36ஐவிட நிச்சயமாக அதிகம். 60 என்று வைத்தால், நான்கிலும் தோற்பதற்கான வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. அப்போது அதிர்ஷ்டத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. அதனால்தான் 2006ஐத் தனியாக வைக்கவேண்டும் என்கிறேன். அதில் பந்தயம் அவர் கையில் இருந்தது, அவரே விட்டார். அதை எடுத்துவிட்டு மிச்சம் மூன்றையும் பார்த்தால் அசாதாரணமாக எதுவும் இல்லை. ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் ஒரு விழுதலை அடுத்த ஆண்டு அழித்துவிடும். ஒலிம்பிக்கில் அதே விழுதல் நான்கு ஆண்டுகள் ஆளோடு கூடவே வரும், ஒவ்வொரு பேட்டியிலும் முதல் கேள்வியாக.

முழங்கால், அப்புறம் 2018

2012 ஜனவரியில் எக்ஸ் கேம்ஸ் பயிற்சியின்போது இடது முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். எதிர்பார்த்தபடி தேறாமல் மறுபடியும் அறுவைச் சிகிச்சை. அடுத்த சீசனும் போய்விட்டது. ஸ்னோபோர்டு கிராஸில் ஒவ்வொரு மேடும் முழங்காலில்தான் இறங்குகிறது; தாழ்வாகப் பறக்க முழங்காலை மார்புவரை மடக்கவும், இறங்கும்போது மொத்த எடையையும் தாங்கவும் வேண்டும். பலருடைய பந்தய வாழ்க்கை இந்தக் காயத்தோடு முடிந்திருக்கிறது. அவர் 2014 ஜனவரியில் எக்ஸ் கேம்ஸ் தங்கத்தோடு திரும்பிவந்தார். அடுத்த மாதம் சோச்சி. காயத்திலிருந்து வந்த முதல் சீசனிலேயே ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் விழுந்தார் என்று சொன்னால், அந்த 7ஆம் இடத்தின் கனம் வேறாகத் தெரியும்.

தொடர்ந்து 2014, 2015, 2016 மூன்று ஆண்டும் எக்ஸ் கேம்ஸ் தங்கம். 2015இல் ஆஸ்திரியாவின் கிரைஷ்பெர்கிலும் 2017இல் ஸ்பெயினின் சியரா நெவாடாவிலும் உலக சாம்பியன் பட்டம். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் மிக அதிகம் பாராட்டப்பட்டிருக்கவேண்டிய காலம் இந்த மூன்று நான்கு ஆண்டுகள்தான். ஆனால் நடுவில் ஒலிம்பிக் இல்லாததால் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை.

2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் அவர் விழவில்லை. இறுதிக்கு வந்தார், ஆரம்பத்தில் முன்னால் இருந்தார், பின்னால் வந்தவர்கள் முந்தினார்கள், நெருக்கமான முடிவில் 4ஆம் இடம். இத்தாலியின் மிகேலா மொயோலி தங்கம், பிரான்சின் ஜூலியா பெரெய்ரா வெள்ளி, சம்கோவா வெண்கலம். இதில் ஆராய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு பேர் ஓடும் இறுதியில் முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஐந்து பேர் அந்தக் காற்று மறைவைப் பயன்படுத்தக் காத்திருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் மனப்பயிற்சியாளர் ஒருவருடனும் அவர் வேலை செய்தார். இதை வைத்து, "ஆக மனம்தான் பிரச்சினை" என்று சிலர் முடிவுகட்டினார்கள். 12 ஆண்டுகளாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் எந்த மனிதருக்கும் அதைப் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். உடம்புக்குப் பயிற்சியாளர் வைத்துக்கொள்வதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இதையும் அப்படியே பார்க்கவேண்டும்.

2022, ஜாங்ஜியாகோ

பெய்ஜிங் ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு 36 வயது. அவரைத் தங்கத்துக்கான முதல் பெயராக யாரும் சொல்லவில்லை. 2021 உலக சாம்பியன் பிரிட்டனின் சார்லட் பேங்க்ஸ், நடப்பு ஒலிம்பிக் சாம்பியன் மொயோலி இருவர் மேல்தான் கண் இருந்தது. சம்கோவா அதற்குச் சில வாரங்கள் முன்பு கணுக்கால் உடைந்து வரமுடியாமல் போனது.

பிப்ரவரி 9, ஜாங்ஜியாகோவின் கெண்டிங் ஸ்னோ பார்க். பேங்க்ஸ் காலிறுதியிலேயே வெளியேறினார். மொயோலி அரையிறுதியில் நின்றுபோனார். இத்தனை ஆண்டுகளாக ஜேக்கபெல்லிஸுக்கு நடந்தது அன்று மற்ற பெரிய பெயர்களுக்கு நடந்தது. அவர்களில் யாரையும் பதறிவிட்டார்கள் என்று எவரும் எழுதவில்லை. ஸ்னோபோர்டு கிராஸ் அப்படித்தான் என்று எழுதினார்கள். அதே நியாயத்தை 2010இலும் 2014இலும் ஜேக்கபெல்லிஸுக்கும் கொடுத்திருக்கலாம்.

இறுதியில் அவர் தொடக்கத்திலேயே முன்னால் போனார். ட்ரெஸ்பூஷ் விடாமல் பின்னாலேயே வந்தார். ஜேக்கபெல்லிஸ் மேடுகளில் தாழ்வாகப் பறந்தார், வளைவுகளில் உள்பக்கம் இடம் விடவில்லை, கடைசிவரை முன்னிலையைத் தரவில்லை. தங்கம். ட்ரெஸ்பூஷ் வெள்ளி, கனடாவின் மெரியேட்டா ஓடைன் வெண்கலம். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்களில் அதுவரைக்கும் அவரே மூத்தவர்.

36 வயதில் இது எப்படி முடிந்தது என்பதற்கு நான் முக்கியமாக நினைப்பது ஸ்டார்ட்டும் பாதை வாசிப்பும். இந்த விளையாட்டில் வயதோடு தேய்வது முழங்காலும் துணிச்சலும். வயதோடு வளர்வது எந்த வளைவில் எங்கே நுழைந்தால் பின்னால் இருப்பவருக்கு வழி அடைபடும் என்ற அறிவு. கேட் திறந்ததும் கைகளால் இழுத்துக் கிளம்பும் அந்த முதல் சில மீட்டர்களில் முன்னால் போய்விட்டால் மோதல்களிலிருந்து தப்பலாம். 2006இலும் அவர் முன்னால்தான் இருந்தார். ஆனால் அன்று அவரிடம் இருந்தது வேகம். 2022இல் நெருக்கமாக வந்துகொண்டிருந்த ஒருவரைக் கடைசிவரை பின்னாலேயே வைத்திருந்தார். இந்த இரண்டில் பின்னதுதான் அதிகக் கடினமான வேலை.

தங்கம் வென்ற பிறகு, பாவவிமோசனம் கிடைத்துவிட்டது என்ற தொனியில் உலகம் முழுக்கத் தலைப்புகள் வந்தன. அவர் அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளவில்லை. 2006 நடந்திராவிட்டால் இவ்வளவு காலம் இந்த விளையாட்டில் தங்கியிருப்பேனா என்பதே சந்தேகம் என்ற பொருளில் பேசினார். நான் அவர் பக்கம். 2005இலேயே உலக சாம்பியனாக இருந்தவர் 2022இல் யாரிடமும் எதையும் மீட்கவேண்டியிருக்கவில்லை.

கலப்பு அணி

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 12 அன்று, கலப்பு அணி ஸ்னோபோர்டு கிராஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது. இதில் ஆண்கள் முதலில் ஓடுவார்கள். அவர்கள் எந்த இடைவெளியில் முடிக்கிறார்களோ அதே இடைவெளியில் பெண்களின் ஸ்டார்ட் கேட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கூட்டாளியின் முன்னிலையோ பின்னடைவோ அப்படியே உங்கள் கையில் வந்து சேரும்.

ஜேக்கபெல்லிஸின் கூட்டாளி நிக் பாம்கார்ட்னர். மிச்சிகனைச் சேர்ந்தவர், 40 வயது, கோடையில் கான்கிரீட் வேலை செய்து பயிற்சிச் செலவைச் சமாளித்தவர். அமெரிக்காவில் பனிச்சறுக்கு வீரர்களுக்கு அரசு சம்பளம் தருவதில்லை. ஸ்பான்சர், பரிசுத்தொகை, சொந்த உழைப்பு, இவைதான் வழி. அந்த ஆண்டில் ஒரு தங்கத்துக்கு அமெரிக்க ஒலிம்பிக் குழு தந்த ஊக்கத்தொகை 37,500 டாலர். எக்ஸ் கேம்ஸ் நட்சத்திரமான ஜேக்கபெல்லிஸுக்கு ஸ்பான்சர்கள் கிடைத்தார்கள். இந்த விளையாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலானோரின் நிலை பாம்கார்ட்னருடையதற்குத்தான் நெருக்கம். தனிநபர் போட்டியில் அவர் காலிறுதியில் தோற்று, கேமரா முன்னால் கலங்கிப்போய் நின்றார். அவருடைய நான்காவது ஒலிம்பிக் அது, அதுவரை ஒரு பதக்கமும் இல்லை.

அணி இறுதியில் பாம்கார்ட்னர் முதலாவதாக வந்து மிகச் சிறிய முன்னிலையை ஜேக்கபெல்லிஸிடம் கொடுத்தார். அவருக்கு எதிரில் இத்தாலிக்காக மொயோலி. ஏற்கனவே ஒமர் விசின்டின் அந்த அணியை நெருக்கமாகக் கொண்டுவந்திருந்தார். கீழே வரும்வரை இருவரும் ஒட்டியே ஓடினார்கள். ஜேக்கபெல்லிஸ் முதலில் கோட்டைக் கடந்தார். இத்தாலிக்கு வெள்ளி, எலியட் கிரோன்டானும் ஓடைனும் ஓடிய கனடாவுக்கு வெண்கலம். 2019 பார்க் சிட்டி உலக சாம்பியன்ஷிப்பில் மிக் டியர்டார்ஃபுடன் சேர்ந்து அவர் இதே அணிப் பிரிவில் தங்கம் வென்றிருந்தார் என்பதால், புதிய முறை அவருக்கு முற்றிலும் புதியதாக இருக்கவில்லை. ஐந்து ஒலிம்பிக்குகளில் ஓடியவரின் பதக்கங்கள் இப்போது இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. பாம்கார்ட்னருக்கு 40 வயதில் முதல் பதக்கமே தங்கம்.